திருப்பிப் போடச் சொன்னவர்கள்

இனி யார் வீட்டிலும் மண்டியிடுவதில்லை என்று புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது வெண்டல் அறிவித்தான். அறிவித்துவிட்டு முட்கரண்டியைத் தட்டின்மேல் குறுக்காக வைத்தான். அப்படி வைத்தால் பேச்சுக்கு ஒரு கனம் வரும் என்று நினைத்திருந்தான்.

அவன் மனைவி மார்வா மிளகாய்ச் சாஸைத் தன் பக்கம் தள்ளச் சொன்னாள்.

கிராய்டனிலும் அதைச் சுற்றியுள்ள பேட்டைகளிலும் வெண்டல் மண்டியிடாத தெரு குறைவு. தரைவிரிப்புப் போடுவது அவன் தொழில். முழங்காலால் இடித்து இடித்து விரிப்பைச் சுவரோரம் வரை இழுத்துப் பொருத்த வேண்டும். பாதிரியார்களைவிட அதிகம் மண்டியிட்டவன். அவர்களுக்காவது மேலே யாரோ பார்க்கிறார்கள் என்ற ஆறுதல் உண்டு. இவனை மேலிருந்து பார்ப்பவர்கள் வீட்டுக்காரர்கள்தான். ஓரம் கோணலாக இருக்கிறதே என்பார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் தான் விரித்த புது விரிப்பின்மேலேயே மல்லாந்து படுப்பான். காலியான வீடு. திரை போடாத ஜன்னல். கம்பளி வாசனை. அப்போது தரைக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் முதுகுக்குள் ஏறி வரும். குழாயோ, தூரத்து ரயிலோ, அவனுடைய ரத்தமோ. அந்தச் சத்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, மாடியில் சின்ன அறையில் கணினிமுன் உட்கார்ந்து, மாலை மாலையாக ஒரு வருஷம் வளர்த்தான். வளர்ந்தபிறகு அதைப் பார்க்க அவனுக்கே பயமாக இருந்தது. ‘தாடை’ என்று பெயர் வைத்தான்.

டப்ஸ்டெப் அந்த ஊரிலேயே பிறந்த இசை. தாடை அந்தக் குடும்பத்தின் முரட்டுப் பிள்ளை. முதல் ஒரு நிமிஷம் ஒன்றுமே நடக்காது. ஒரு சொட்டு. தூங்குகிறவர் மூச்சு மாதிரி ஒன்று. பிறகு நிசப்தம். கேட்கிறவர் பாட்டு முடிந்துவிட்டது என்று டீக்கோப்பையை எடுக்கும் நேரத்தில் தரை காணாமல் போகும். ஒரு பெரிய மிருகம் தகரக் கொட்டகையைக் கடித்து மெல்லத் தொடங்கும். அந்த இடத்துக்கு ‘டிராப்’ என்று பெயர். டிராப்புக்காகத்தான் எல்லாரும் காத்திருப்பார்கள்.

சனிக்கிழமை இரவு, ரயில் பாலத்து வளைவுக்குக் கீழே இருக்கும் நடனக்கூடத்தில் வெண்டலுக்குக் கால்மணி நேரம் கொடுத்திருந்தார்கள். பெரிய ஆட்கள் வருவதற்கு முன்னால், கூட்டம் கோட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும் நேரம். போதும். டிராப் விழுந்ததும் கூட்டம் சுவரில் தட்டி ‘திருப்பு’ என்று கத்தினால், வாசிக்கிறவன் பாட்டை அங்கேயே நிறுத்தி, இசைத்தட்டைப் பின்னால் சுழற்றி, முதலிலிருந்து போட வேண்டும். அது அங்கே சட்டம். தட்டியும் திருப்பாதவனை அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். முதல் இரவிலேயே ஒருவனுக்குத் தட்டினார்கள் என்றால் அவனுக்கு வேறு உத்தியோகம் வேண்டாம் என்று அர்த்தம். வெண்டல் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தான்.

மார்வா எதிர்ப்புச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குக் கலவரமாக இருந்தது. ஆம்புலன்ஸ் கூப்பிடுகிறவர்களின் போனை எடுப்பது அவள் வேலை. நாள் முழுக்க அலறல் கேட்டு, விலாசம் கேட்டு, மூச்சு இருக்கா பாருங்க என்று சொல்லுகிறவள். அவள் குரல் உயர்ந்து அவன் கேட்டதில்லை. முன்பு ஒருமுறை வெண்டல் வேலையை விட்டுவிட்டுத் தேனீ வளர்த்தான். கடைசியில் தேனீக்கள் அவனை விட்டுவிட்டுப் போயின. அப்போதும் அவள் ஒன்றும் சொல்லாமல் காலிக் கூண்டுகளில் தக்காளி நட்டாள்.

“தாடையைப் பத்தி நீ என்ன நினைக்கிறே?” என்றான்.

“நான் என்ன நினைக்கிறது. இதைவிட மோசமானதெல்லாம் காதுல கேட்டிருக்கேன்.”

“அது பாராட்டா?”

“விலாசம் கேக்காம உட்கார்ந்து கேட்டேனே, அது போதாதா.” அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். “முன்னப்பின்ன தெரியாத பசங்க ராத்திரி தட்டுறதை வச்சு வேலையை விடணுமா? நம்ம ஆளுங்க நாலு பேர் முதல்ல கேக்கட்டும். அதுல பாதிப் பேர் இன்னொரு தடவைன்னு கேட்டாக்கூடப் போதும். உன் முதலாளிக்கு நானே போன் பண்ணிடறேன்.”

இவ்வளவு சுலபமாக ஒரு ஒப்பந்தம் தன் கல்யாண வாழ்க்கையில் கிடைத்ததில்லை என்பதை வெண்டல் கவனிக்காமல் விட்டான். இசைத்தட்டை நினைத்துத்தான் கொஞ்சம் தயங்கினான். அந்தக் கூடத்துக்கு யாரும் கடைத்தட்டோ சீடியோ கொண்டுபோவதில்லை. அலுமினியத் தகட்டில் அரக்குப் பூசி, ஒரே ஒரு பிரதி வெட்டிக்கொண்டு போக வேண்டும். சீடியோடு போகிறவன் வெறுங்கையோடு கல்யாணத்துக்குப் போகிறவன். ஆனால் அரக்கு மிருதுவானது. ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் கொஞ்சம் சுரண்டிக்கொண்டு போகும். நாற்பது, ஐம்பது ஓட்டம் தாங்கும் என்று வெட்டிக் கொடுத்தவர் சொல்லியிருந்தார். வெண்டல் அதைக் குழந்தையைப் போல இரண்டு துணி சுற்றி வைத்திருந்தான்.

“நாலு பேருக்கு நாலு தடவை. என்ன தேய்ஞ்சிடப் போகுது?” என்றாள் மார்வா.

அவன் தலையாட்டினான்.

ஆனால் அந்த நாலு பேர் யார் என்று யோசித்ததும் அவன் தூக்கம் போயிற்று. பக்கத்து வீட்டு பெரில் ஆன்ட்டி, மார்வாவின் அப்பா எக்பர்ட், அவள் தம்பி ஆஷ்டன். நாலாவது ஆள் கிடைக்கவே இல்லை; இந்த மூன்று பேர்மேலேயே அவனுக்கு நம்பிக்கை இல்லை. பெரில் ஆன்ட்டி இருபது வருஷமாகச் சுவரில் தட்டுகிறவள்தான், ஆனால் சத்தத்தைக் குறைக்கச் சொல்லித் தட்டுகிறவள். ஆகவே வெண்டல் ஒரு திட்டம் போட்டான். அது கொஞ்சம் அசிங்கமான திட்டம். கலைக்காகச் செய்யும்போது அசிங்கம் குறையும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

வியாழக்கிழமை வேலை முடிந்து மூன்று வீட்டுக்கும் போனான். பெரில் ஆன்ட்டியின் மாடிப்படிக்குப் புது விரிப்புப் போட்டுத் தருவதாகச் சொன்னான். மாமனாருக்கு ஒரு பாட்டில் ரம். ஆஷ்டனிடம் மூன்று வருஷத்துக்கு முன் இரவல் வாங்கிய துளைபோடும் மெஷினைத் திருப்பித் தருவதாக வாக்களித்தான். பதிலுக்கு அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. நாளைக்குச் சாயங்காலம் பாட்டு போடும்போது, பூமி பிளந்த மாதிரி ஒரு இடம் வரும். அங்கே சுவரில் ஒரு தட்டுத் தட்டி, திருப்பு என்று சொல்ல வேண்டும்.

“அவ்வளவுதானே,” என்றாள் பெரில் ஆன்ட்டி. “சொல்லிட்டாப் போச்சு. மார்வாவும் இப்பத்தான் வந்துட்டுப் போனா. இஞ்சி கேக் கொண்டாந்தா. நல்ல பொண்ணு.”

மாமனார் மேஜையிலும் ஒரு இஞ்சி கேக் இருந்தது. ஆஷ்டன் கதவைத் திறந்தபோது அவன் வாயோரம் கேக் துகள். மார்வா தன் பங்குக்கு எல்லாரையும் அன்பாக அழைத்துவிட்டு வந்திருக்கிறாள் என்று வெண்டலுக்கு மனம் நெகிழ்ந்தது. கொஞ்சம் குற்ற உணர்ச்சிகூட வந்தது. பாவம், தோற்கப் போகிறாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஜூலை மாதத்து வெளிச்சம் போக மனமில்லாமல் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தது. மார்வா மீன் பொரித்து வைத்திருந்தாள். இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் சோபாவின் இரு பக்கமும் காவல்காரர்கள் மாதிரி நின்றன. வெண்டல் துணியைப் பிரித்தான். கறுப்பு அரக்கில் மாலை ஆகாயம் சின்னதாகத் தெரிந்தது. ஊசியை வைத்தான்.

சொட்டு. மூச்சு. நிசப்தம். பெரில் ஆன்ட்டி டீக்கோப்பையை எடுத்தாள்.

தரை போயிற்று. அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசின. எக்பர்ட் கையை உயர்த்திச் சுவரில் ஒரு தட்டுத் தட்டினார். “திருப்பு.”

வெண்டல் ஊசியைத் தூக்கினான். தட்டைப் பின்னால் சுழற்றினான். தன் சொந்த வீட்டில், தன் சொந்த ரம்முக்காகக் கிடைத்த தட்டல் அது. இருந்தாலும் முதுகில் ஒரு கூச்சம் ஓடியது. இரண்டாவது முறை டிராப்பில் பெரில் ஆன்ட்டி தட்டினாள். மூன்றாவது முறை ஆஷ்டன். ஒப்பந்தம் முடிந்தது. வென்றாயிற்று. இனிக் கடைசிவரை ஒருமுறை ஓட்டிவிட்டு மூடிவைக்க வேண்டியதுதான்.

நாலாவது முறை டிராப் விழுந்தபோது எக்பர்ட் மறுபடி தட்டினார்.

வெண்டல் அவரைப் பார்த்தான். ரம் ஒரு தட்டலுக்குத்தான் கொடுத்தது. அவர் கண்ணை மூடியிருந்தார். எழுபதுகளில் பிரிக்ஸ்டனில் சொந்தமாக சவுண்ட் சிஸ்டம் வைத்து ஊரையே ஆடவைத்தவர். அவர் சும்மா தட்டுகிற ஆள் இல்லை. அப்படியென்றால்?

அப்படியென்றால் பாட்டு நிஜமாகவே அவ்வளவு நன்றாக இருக்கிறது. வேறு விளக்கம் அவனுக்குத் தோன்றவில்லை. லஞ்சம் கொடுத்தவனே கைதட்டலை நம்ப ஆரம்பித்தது அந்த நிமிஷத்தில்தான்.

திருப்பினான்.

ஒவ்வொரு திருப்பலுக்கும் இடையில், சொட்டும் மூச்சும் போகிற அந்த ஒரு நிமிஷத்தில், அவர்கள் அபிப்பிராயம் சொன்னார்கள். யாருக்கும் யாரோடும் ஒத்துப்போகவில்லை. அடியில ஓடுற பாஸ் சத்தம் நல்லா இருக்கு, ஆனா இதுல மனுஷன் எங்கே என்று கேட்டார் எக்பர்ட். அவர் காலத்தில் எவ்வளவு கனமான தாளத்துக்கும் மேலே ஒருத்தன் உட்கார்ந்து காதலுக்காக அழுதுகொண்டிருப்பானாம். ஆஷ்டன் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை செய்கிறவன். அங்கே பிரிண்டரில் பேப்பர் மாட்டிக்கொண்டால் இதே சத்தம் வரும் என்றான். தன்னால் சகிக்க முடியாததால் இது உயர்ந்த கலையாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவன் வாதம். சகிக்க முடியாததெல்லாம் கலையென்றால் நீயும் கலைதான் என்றார் அவன் அப்பா. அதற்குள் தரை போயிற்று. இருவரும் சண்டையை நிறுத்தாமலே ஆளுக்கொரு தட்டுத் தட்டினார்கள்.

பெரில் ஆன்ட்டி கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“மாடியில யாரோ பீரோவை நகர்த்துற மாதிரி இருக்கு. எங்க வீட்டுக்காரர் ரான் ஞாயித்துக்கிழமையானா நகர்த்துவாரு. இங்கேயிருந்து அங்கே. அடுத்த வாரம் அங்கேயிருந்து இங்கே. எதுக்குன்னு நான் கேட்டதே இல்லை. அவர் போனப்புறம் பீரோ ஒரே இடத்துல நிக்குது.”

மிருகம் மென்றுகொண்டிருந்தது. அவள் கையை நீட்டி, கதவைத் தட்டுவது போல மெதுவாகச் சுவரைத் தட்டினாள். அதைத் திருப்பாமல் இருக்க எந்த மனுஷனாலும் முடியாது.

வாசல் மணி அடித்தது. சுவிசேஷம் சொல்ல வந்த இரண்டு பெண்கள். மற்ற நாட்களில் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் மார்வா அன்றைக்கு உள்ளே வாங்க, மீன் சாப்பிடுங்க என்றாள். காதில் ஏதோ சொன்னாள். மூத்தவள் டிராப்பைக் கேட்டுவிட்டு, இப்படி ஒரு சத்தம் வரும் என்று முன்னமே எழுதியிருக்கிறது என்றாள். இளையவளின் செருப்பு அவள் அனுமதியில்லாமல் தாளம் போட்டது. இருவரும் தட்டினார்கள், மூத்தவள் கொஞ்சம் பலமாகவே. வெண்டலுக்குக் கண் கலங்கியது. நரகத்துக்கு எதிரானவர்களே திருப்பச் சொல்லுகிறார்கள்.

வெளிச்சம் நீலமாகி, பிறகு நீலம் கரைந்து, ஜன்னல் ஒரு மீன்தொட்டி மாதிரி ஆயிற்று. உள்ளே எல்லாரும் மெதுவாக அசைந்தார்கள். கைகள் உயர்ந்தன, சுவரைத் தொட்டன, இறங்கின. வெண்டல் தண்ணீருக்கடியில் நிற்பவன் போல ஊசியைத் தூக்கினான், வைத்தான், தூக்கினான். எத்தனை முறை என்ற கணக்கு எப்போதோ மிதந்து போய்விட்டது. சனிக்கிழமையும் கூடமும் சிவப்பு விளக்கும் இங்கேயே வந்துவிட்டதாகத் தோன்றியது. மாமனாரின் வழுக்கைத் தலை ஒரு கூட்டமாகத் தெரிந்தது. இதில் தட்டாதவள் மார்வா ஒருத்திதான். அவள் சமையலறைக் கதவில் சாய்ந்து, தட்டில் மீன் தீர்ந்தவர்களுக்கு மீன் வைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் எக்பர்ட் தொப்பியை எடுத்துக்கொண்டார். வாசலில் மருமகனின் தோளைப் பிடித்தார்.

“உன் மாமியார் இருந்திருந்தா அவளும் தட்டியிருப்பா. எழுபத்தாறுல என் தட்டு மேல அவளுக்கு அவ்வளவு ஆசை. ஒரே சாயங்காலத்துல நூறு தடவை தட்டினா. அந்தக் குளிர்காலமே நான் பஸ் கம்பெனில சேர்ந்துட்டேன்.”

“பாக்கியசாலி மாமா நீங்க,” என்றான் வெண்டல், மனமார.

எக்பர்ட் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர், மகளைப் பார்த்ததும் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

“தோத்துட்டேன்,” என்றாள் மார்வா, பாத்திரங்களை அடுக்கியபடி. அவள் அப்படிச் சொல்லி அவன் கேட்டதே இல்லை. அன்றிரவு அவன் முழங்கால்கள் வலிக்காமல் தூங்கின.

சனிக்கிழமை காலையில் மார்வா வேலைக்குப் போய்விட்டாள். வெண்டல் பத்து மணிக்குமேல் எழுந்து, முதலாளிகள் காபி குடிக்கிற மாதிரி காபி குடித்தான். இரவுக்குமுன் ஒரே ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று தட்டை எடுத்தான். ஜன்னல் வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது கறுப்பின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது. டிராப் இருக்கிற இடம்.

ஊசியை வைத்தான். சொட்டு விழுந்தது, பொரிகிற எண்ணெய்க்குள் விழுந்த மாதிரி. மூச்சு ஆஸ்துமாக்காரர் மூச்சாக இருந்தது. நிசப்தம் வரவே இல்லை. அந்த இடத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. பிறகு தரை போக வேண்டிய நேரம் வந்தது.

தரை இருந்த இடத்திலேயே இருந்தது. மிருகத்துக்குப் பல் இல்லை. தகரக் கொட்டகை இல்லை. அடியில் இருந்த பாஸ் மட்டும் தனியாக, மழைக்கு அந்தப்பக்கம் ஒரு கடல் புரண்டு படுப்பதைப் போல, போய் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு திருப்பலும் டிராப்பைத் தாண்டியதும் நடந்தது. நேற்று முழுக்க ஊசி அந்த ஒரு நிமிஷத்தைத்தான் உழுதிருக்கிறது. பாட்டின் பின்பாதி புத்தம்புதுசாக இருந்தது. யாரும் அதுவரை போகவே இல்லை.

தட்டு வெட்டுகிறவர் சனி ஞாயிறு கடை திறப்பதில்லை. தெரிந்தும் போய்க் கதவைத் தட்டினான். திரும்பி வந்து நடனக்கூடத்துக்குப் போன் செய்தான். பரவாயில்லை, உன் இடத்துக்கு ரெண்டு பேர் நிக்கிறாங்க என்று போனை எடுத்த பையன் ஆறுதலாகவே சொன்னான்.

மார்வா வேலை முடிந்து வந்தபோது வெண்டல் ஸ்பீக்கர் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். தட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“நீ என்ன பண்ணே?” என்றான்.

“நான் என்ன பண்ணேன். ஒரு தடவைகூடத் தட்டலையே.”

அது உண்மை. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எந்தப் பக்கத்திலும் பிடி கிடைக்கவில்லை. மாடிப்படியையும் ரம்மையும் பற்றி அவள் கேட்டுவிடுவாளோ என்ற பயம் வேறு.

“உங்க அப்பா,” என்று ஆரம்பித்தான்.

“அப்பாவுக்கு இஞ்சி கேக்னா உசுரு.”

“முதலாளிக்குப் போன் பண்ணிட்டியா?”

“பண்ணிட்டேன். திங்கட்கிழமை பர்லி பக்கத்துல ஒரு வீடு. மூணு மாடி, எல்லாம் படிக்கட்டு. வந்துடுவான்னு சொன்னேன்.”

“எப்ப பண்ணே?”

“வியாழக்கிழமை.”

அவள் காலணிகளைக் கழற்றினாள். காலையிலிருந்து கேட்ட அலறல்கள் முகத்தில் இருந்தன. அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஸ்பீக்கர்மேல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். மழை பெய்தது. கடல் புரண்டது. அவள் நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக அவிழ்வதை அவன் பார்த்தான். ஒரு வருஷத்தில் அவன் பாட்டை அவள் இப்படிக் கேட்டதே இல்லை.

பல் இல்லாத அந்த இடம் வந்து போயிற்று. கண்ணைத் திறக்காமல் அவள் கையை உயர்த்தி, சுவரில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“திருப்பு.”

சட்டம் சட்டம்தான். அவன் எழுந்து ஊசியைத் தூக்கினான். எல்லாவற்றையும் அந்த நிமிஷத்தில் மன்னித்துவிட அவன் தயாராக இருந்தான்.

“நிஜமாவே பிடிச்சிருக்கா, மார்வா?”

“ரொம்ப. இன்னும் ரெண்டு தடவை ஓட்டினேன்னா தூங்கிடுவேன்.”